பதினைந்து கிலோ டின், பதினைந்து லிட்டர் டின்

விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் எதுவானாலும் 15 கிலோ டின்னுக்குத்தான் விலை போட்டிருக்கும். அதே எண்ணெய் சில்லறைக் கடைக்கு வந்ததும் லிட்டர் ஆகிவிடும். முறுக்கு, சீடை, அதிரசம் என்று வீட்டிலேயே செய்து ஆர்டருக்குக் கொடுப்பவள் நான். மாவை விட எண்ணெய்க்குத்தான் காசு அதிகம் போகும். இந்தக் கிலோ, லிட்டர் கணக்கு தெரியாமல் எனக்குக் கட்டுப்படியாகாது.

கணக்கு சின்னதுதான். எண்ணெய் தண்ணீரை விட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ, ஐந்து பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் ஒரு கிலோ எண்ணெய் கிட்டத்தட்ட 1,100 மில்லி.

கடையில் நிற்கும்போது மனக்கணக்காக பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொள்வேன். லிட்டர் விலையோடு அதைக் கூட்டினால் கிலோ விலை. கிலோ விலையில் கழித்தால் லிட்டர் விலை. லிட்டர் 160 ரூபாய் என்றால் கிலோவுக்கு 176. கிலோ 180 என்றால் லிட்டருக்கு 162. ஒன்றிரண்டு ரூபாய் பிசகும், பரவாயில்லை.

டின் வாங்கும்போது மட்டும் பரவாயில்லை என்று விடக்கூடாது. "ரெண்டுமே பதினஞ்சு தான் அக்கா, இது விலை கம்மி" என்று கடைத் தம்பி ஒரு டின்னை முன்னால் தள்ளுவான். திருப்பிப் பார்த்தால் 15 லிட்டர் என்று இருக்கும். எடையில் அது 13.65 கிலோதான். 15 கிலோ டின்னிலோ பதினாறரை லிட்டர் எண்ணெய் இருக்கும். வித்தியாசம் 1.35 கிலோ, கிலோ 150 ரூபாய் என்றாலே இருநூறு ரூபாய்க்கு மேல் எண்ணெய் குறைவு. தம்பி ஏமாற்றுகிறான் என்று சொல்லமாட்டேன், அவனுக்கும் 15 என்கிற எண்தான் கண்ணில் படுகிறது.

பாக்கெட்டிலும் இதே கதைதான். பார்வைக்கு லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், உள்ளே 850 கிராம். அதாவது 935 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்று இப்போது பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் கிராம் விலை, பக்கத்தில் இருப்பதில் மில்லி விலை என்றால் நேராக ஒப்பிட முடியாது. அங்கேயும் அந்தப் பத்தில் ஒரு பங்குதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரிக்குப் பக்கத்தில் 893 கிராம்தான். சில கம்பெனிகள் 60 டிகிரியில் இத்தனை எடை என்று சின்ன எழுத்தில் போட்டுவந்தன; அந்தக் கணக்கில் லிட்டர் என்று வாங்கினால் எடை குறையும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் போடச் சொன்னது. சரியான முடிவு. அறுபது டிகிரி எண்ணெயை எந்த வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள்?

மரச்செக்கில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காலிக் கேனைத் தராசில் வைத்து, முள்ளை ஜீரோவாக்கி, கிலோ கணக்கில் ஊற்றுகிறார்கள் என்றால் லிட்டர் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு கிலோ எண்ணெய் அதில் கழுத்து வரை வந்து, மீதி நூறு மில்லிக்கு இடம் இல்லாமல் நிற்கும். ஒன்றரை லிட்டர் தூக்கு எடுத்துப் போங்கள்.

அடுப்படியில் நான் அளப்பது முழுக்க எடைதான். சட்டியில் ஊற்றும் முன் எண்ணெயை நிறுத்துக் குறித்துக்கொள்வேன். முறுக்கு சுட்டு முடித்து, நன்றாக ஆறிய பிறகு மிச்ச எண்ணெயை வடிகட்டி மறுபடி நிறுப்பேன். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் முறுக்கு குடித்தது, கொஞ்சம் வடிதட்டில் ஒட்டியது. மில்லியில் அளந்தால் சூடாக இருக்கும்போது ஒன்று காட்டும், ஆறினால் இன்னொன்று காட்டும். எடை மாறாது. மாவில் வெண்ணெய் கூடிப்போன அன்றைக்கு முறுக்கு கூடுதலாக எண்ணெய் குடித்திருப்பதும் தராசில் தெரிந்துவிடும். அப்புறம் அடுத்த ஈடுக்கு வெண்ணெயைக் கொஞ்சம் குறைத்துப் பிசைவேன்.