கதவு மேலே கீத

ஆந்திராவில் இருக்கிற ஸ்ரீசிட்டிக்கு, கார் தொழிற்சாலை வேலைக்கு வந்த முதல் வாரம். லைனில் எனக்கு முன்னால் நின்ற பையன், "டோர் மீத கீத படிந்தி" என்று கத்தினான். படிந்தி என்றால் விழுந்தது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. எங்கள் ஹாஸ்டல் அறையில் ஒரு கீதா இருந்தாள். பதறிப்போய் ஓடினேன். கீதா தன் இடத்தில் நன்றாகத்தான் நின்றிருந்தாள். கதவில் நகம் உரசிய மாதிரி ஒரு கோடு. தெலுங்கில் கீறலுக்குக் கீத என்றுதான் பெயராம். நசுங்கலைச் 'சொட்ட' என்கிறார்கள். நமக்குச் சொட்டை தலையில் விழும், இவர்களுக்கு வண்டியில்.

நான் சிவகாசிக்காரி. அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின்மேன். காலண்டர் ஷீட்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்பு வெயிலில் வேறு வேறாகிவிடும். அந்தக் கண்தான் எனக்கு இங்கே பெயிண்ட் ஷாப் கடைசிச் சோதனையில் சோறு போடுகிறது.

பூ வைக்கக்கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. வளையல், மோதிரம் எல்லாம் லாக்கரில். ஸ்டிக்கர் பொட்டும் கிடையாது, ஈரப் பெயிண்டில் உதிர்ந்துவிட்டால் யார் எடுப்பது? அம்மாவுக்கு இதுதான் ஆறவே இல்லை. ஹேர் சீரம், ஹேண்ட் கிரீமில் இருக்கும் சிலிக்கோன் துளி பட்டால் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் தாமரை இலைத் தண்ணீராய் ஒதுங்கிக் குழி விழும். அடியில் துருவைத் தடுக்கும் ஈ.டி. கோட் சுமார் 20 மைக்ரான், அதன் மேல் பிரைமர், கலர், பளபளப்புக்குக் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே 100, 120 மைக்ரான்தான். ஏறக்குறைய ஒன்றரை தலைமுடி கனம்! பெயிண்டைப் பார்க்காதே, பெயிண்டுக்குள் தெரிகிற டியூப் லைட்டைப் பார் என்பதுதான் முதல் பாடம். லைட்டின் கோடு நேராக ஓடினால் சரி. ஆரஞ்சுத் தோல் மாதிரி நெளிந்தால் பூச்சு சரியில்லை. கண் விட்டதை உறைபோட்ட விரல் பிடித்துவிடும்.

ஒரு வருஷம் கழித்து ஹாஸ்டலை விட்டுச் சத்தியவேடு பக்கம் தனி வீடு பார்த்தேன். வீட்டுக்காரத் தாத்தா நல்ல தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. 1960 ஏப்ரல் 1-ல் எல்லையை மாற்றியபோது திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் போனது, சத்தியவேடு அங்கிருந்து இங்கே வந்தது. அப்போது அவர் கைக்குழந்தை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் தெலுங்கு. ஊத்துக்கோட்டைச் சொந்தக்காரர்கள் அனுப்பும் கல்யாணப் பத்திரிகையை நான் வாசித்துச் சொல்வேன். தெலுங்கில் என்ன நோட்டீஸ் வந்தாலும் எனக்கு அவர் வாசித்துச் சொல்வார்.

போன வருஷம் அவர் புதுக்கார் புக் பண்ணினார். "நீ வந்து பார்த்துச் சொல்லும்மா, அப்புறம்தான் சாவி வாங்குவேன்." வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். ஷோரூமில் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்கள். சாம்பல் மெட்டாலிக். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் குறையே இல்லை. வெயிலுக்குத் தள்ளச் சொன்னேன். மேனேஜர் முகம் கொஞ்சம் மாறியது.

நேரே நின்று பார்த்தால் ஒரே கலர்தான். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தபோது இடது பின் கதவு மட்டும் ஒரு படி கறுத்துத் தெரிந்தது. பம்பர் என்றால் விட்டிருப்பேன். அது பிளாஸ்டிக், தனியாகப் பெயிண்ட் அடித்து வருவது, லேசான வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கதவும் கதவும் அப்படி இல்லை, இரண்டும் இரும்பு, ஒரே பாடியோடு ஒரே அடுப்பில் வெந்து வருபவை. கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கைத் தடவினேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஸ்ப்ரே தூசி. உள் விளிம்பில் டேப் ஒட்டிப் பிரித்த கோடு. வழியில் எங்கேயோ இடித்திருக்கிறது, பட்டி பார்த்து மறுபடி அடித்திருக்கிறார்கள்.

"நிழல் அப்படித் தெரியுது மேடம்" என்றார் மேனேஜர். நான் பதில் சொல்வதற்குள் தாத்தா தெலுங்கில் பிடித்துக்கொண்டார். அவ்வளவு வேகத் தெலுங்கு எனக்கு இன்னும் வராது. 'சொட்ட' மட்டும் நான்கு தரம் காதில் விழுந்தது. கடைசியில் லாரியில் வரும்போது பட்ட அடி என்று ஒத்துக்கொண்டார்கள். மாலையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினோம்.

பன்னிரண்டு நாள் கழித்து வேறு வண்டி வந்தது. அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கதவு இடைவெளி எல்லாம் ஒரே சீர். கூரையில், ஆன்டெனாவுக்குப் பின்னால், கிளியர் கோட்டுக்குள் கடுகில் பாதி அளவு ஒரு தூசி. லைனில் என்றால் 2000 நம்பர் பேப்பரால் தேய்த்துப் பாலிஷ் போட்டு அனுப்பியிருப்போம்.

தாத்தா கையில் தேங்காயோடு நின்றிருந்தார். "என்னம்மா, உடைக்கலாமா?"

"உடைங்க தாத்தா" என்றேன். அந்தத் தூசி அவருக்கு இன்னும் தெரியாது.