ஆடி விருந்தும் நான்கு சிவப்பு ஊசியும்

2022 மாசி மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை, அதனால் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். இதைப் படிக்கிற பெண்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், வலிக்காத கட்டி என்றாலும் உடனே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம். தென்னைதான் பிழைப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது தோப்பில் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டது, வைத்த கன்றுகள் அப்போதுதான் இடுப்பு உயரம் வந்திருந்தன. கட்டி புற்றுநோயா என்று பார்க்க பயாப்சி, ஸ்கேன் என்று வெளியில் எடுத்ததற்கே நாற்பதாயிரம் போய்விட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அட்டை எடுக்கப் போனால் ரேஷன் கார்டில் என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம், ஓர் அலுவலகத்தில் இருந்து இன்னொன்றுக்கு என்று பதினொரு நாள் அலையவிட்டார்கள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன சொல்ல. கட்டி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தோம். முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954இல் தொடங்கிய ஆஸ்பத்திரி. வைகாசியில் மார்பை எடுத்தார்கள், அப்புறம் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு சிவப்பு ஊசி (மருந்தின் நிறமே சிவப்பு), அதன்பின் வாராவாரம் பன்னிரண்டு, கடைசியில் கதிர்வீச்சு. சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். மருத்துவத்துக்கு அட்டை கைகொடுத்தது. சென்னையில் அறை வாடகை, சாப்பாடு, ஆட்டோ, கூட வருகிறவரின் கூலி நட்டம், இதற்கெல்லாம் அட்டை இல்லை. ரயிலுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கொடுத்தால் சிகிச்சைக்குப் போய்வர நோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. பக்கத்துப் படுக்கைக்காரம்மா சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும்.

முதல் ஊசி முடிந்து பதினேழாம் நாள் சீப்போடு முடி வந்தது. அந்த வாரம்தான் என் கொழுந்தனார் மொய் விருந்துப் பேச்சை எடுத்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் ஆடி வந்தால் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி ஆக்கி, ஊரைக் கூப்பிட்டு மொய் வாங்குவோம். நாம் முன்பு செய்ததெல்லாம் அன்றைக்குத் திரும்பி வரும், கூடவே புதிதாகவும் வரும். புதிதாக வந்ததை அவரவர் விருந்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டும். எங்கள் முறைக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. முன்னாடியே வைத்துவிடலாம் என்றார்.

நான் வேண்டாம் என்று அழுதேன். நான் போய்ச் சேர்ந்துவிட்டால் மொய் எழுதும் நோட்டில் இருக்கும் கடன் அத்தனையும் பதினெட்டு வயது மகன் தலையில் விழுமே என்ற பயம். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் போய் நான்கு குடும்பத்தோடு சேர்ந்து கூட்டு விருந்தாக முடிவு செய்துவிட்டு வந்தார். நாள் குறித்தது என் ரத்த அணுக் கணக்கைப் பார்த்து. ஊசி போட்ட இரண்டாம் வாரத்தில் வெள்ளணு இறங்கிக் கிடக்கும், கூட்டத்துக்கே போகக்கூடாது, மூன்றாம் வாரத்தில் ஏறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கேற்ப இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஆடி இரண்டாம் வாரத்தில் வைத்தோம்.

தோப்பில் பந்தல். நான் தலையில் துண்டும் வாயில் மாஸ்க்குமாகத் திண்ணையில் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுதுகிற தம்பிகள் வரிசையாக நோட்டைப் பிரித்து வைத்திருக்க, ஒருவர் பேரும் ஊரும் தொகையும் சொல்லச் சொல்ல, பணம் எவர்சில்வர் அண்டாவில் விழுந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் எட்ட நின்றே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தொற்றிக்கொள்ளும் என்று ஒதுங்கியவர்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. எதிர்வீட்டு அப்பத்தா மட்டும் நேரே என்னிடம் வந்து, “ஆயிரத்தொண்ணு எழுதியிருக்கேன். ஒன் வீட்டுக்காரன் கொண்டாந்தா வாங்க மாட்டேன். நீதான் வந்து போடணும்” என்றது.

கறிச் செலவில் எங்கள் பங்கை மற்ற குடும்பத்தார் வாங்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பியதையும் சேர்த்து நான்கு லட்சத்து அறுபதாயிரம் வந்தது. ராத்திரி தூக்கம் வராமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புது மொய். அத்தனை பேரும் என்னிடம் கடன் கொடுத்திருக்கிறார்கள், போகிற ஆளுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? பயமாகத் தெரிந்த அதே நோட்டு அன்றைக்குத்தான் எனக்குத் தெம்பாகத் தெரிந்தது. மூன்றாவது ஊசிக்கு அதன் முதல் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். வாயெல்லாம் புண்ணாகி மோர்கூட இறங்காத நாளில் அந்தப் பெயர்களைப் படிப்பேன்.

வாராந்திர ஊசி பன்னிரண்டையும் தஞ்சாவூரில் போட்டுக்கொண்டோம். தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் முறை வைத்து எங்களுக்குக் கஞ்சியும் குழம்பும் அனுப்பினார்கள். அந்த மருந்து விரல் நுனியை மரத்துப்போக வைத்தது, ரவிக்கைக் கொக்கி மாட்ட மகள்தான் வர வேண்டும். 2023 ஜனவரியில் கதிர்வீச்சு முடிந்தது. இப்போது தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடத்துக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடையாறு. ஒவ்வொரு முறையும் ரிசல்ட் கைக்கு வரும்வரை வயிற்றைப் பிசைகிறது, அது போகவில்லை.

2024 ஆடியில் அப்பத்தா வீட்டு விருந்து. நானே போனேன். “யார் பேருல எழுதணும்?” என்று எழுதுகிற தம்பி கேட்டான், என் பெயரையே எழுதச் சொன்னேன். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் புதுசு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மரத்த விரலுக்குப் பிரிய மாட்டேன் என்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது. அப்பத்தா வந்து என் கையிலிருந்து வாங்கி, எச்சில் தொட்டு எண்ணி அண்டாவில் போட்டுவிட்டு, “போ, எலை போட்டாச்சு” என்று முதுகில் கைவைத்துப் பந்திக்குத் தள்ளியது.