இடதுபக்க இருக்கையிலிருந்து

செப்டம்பர் 8, 2025, திங்கள்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் புதிய டிரைவிங் டெஸ்ட் தேதிகளைத் திறந்துவிடுகிறார்கள். ஐந்தே முக்காலுக்கே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டேன். 24 வாரத்துக்கு அப்பால் எதையும் காட்டாது. அதற்குள் இருப்பதையும் கண்ணிமைக்கும் நேரத்தில் யாரோ எடுத்துவிடுகிறார்கள். மொத்தமாக எடுத்துவைத்துக் கூடுதல் விலைக்கு விற்பவர்களும் உண்டு. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் வயிற்றில் அடிக்கிற வேலை அது.

கிடைத்துவிட்டது. பிப்ரவரி 19, வியாழன், காலை 10.14. 62 பவுண்ட் கட்டியாயிற்று. மூத்தவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். "அதுக்குள்ள எனக்கு வந்துடுமாம்மா?"

செப்டம்பர் 11

இறுதித் தேர்வில் என்ன கிரேடு வரும் என்று பள்ளி கணித்துச் சொல்கிறதே, அதில் கெமிஸ்ட்ரிக்கு பி போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வலதுபக்கம் திரும்ப நடுரோட்டில் காத்து நிற்கும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். இன்றுதான் கவனித்தேன். எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்க வேண்டும். கிடைக்கிறது, போகமாட்டேன் என்கிறாள். அடுத்ததும் போய்விடுகிறது. பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்ததும் பதறிக் கிளட்சை விடுகிறாள், வண்டி நின்றுபோகிறது.

அவளுக்குச் சொல்லித்தருபவர் எனக்கும் ஒரு பாடம் எடுத்தார். "பாத்து பாத்து" என்று சொல்லக்கூடாது. எதைப் பார்க்க வேண்டும் என்று அதில் இல்லை. கட்டளை போடுவதைவிடக் கேள்வி கேட்பது மேல்: "பின்னாடி என்ன வருது?" "இங்க ஸ்பீடு எவ்வளவு?" கேள்வி கேட்டால் அவளே கண்ணாடியைப் பார்ப்பாள். பாஸாகிறவர்கள் சராசரியாக 45 மணிநேர வகுப்பும், அதற்கு மேல் 22 மணிநேரம் வீட்டு ஆட்களோடும் ஓட்டிப் பழகியிருக்கிறார்களாம். அந்த 22 என் பங்கு. அந்த மணிநேரங்களில் அவள் மூச்சுவிட வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

செப்டம்பர் 19

மெடிசினுக்கான நுழைவுத் தேர்வு, யூகேட், முடிந்தது. தேர்வறையிலிருந்து வரும்போதே மதிப்பெண் தாள் கையில். 2700க்கு 2140. எண்ணைச் சொல்லிவிட்டுக் காரில் தூங்கிப்போனாள்.

மெடிசினுக்கு நாலு இடத்துக்குத்தான் போடலாம், ஐந்தாவது வேறு படிப்பாக இருக்க வேண்டும். எந்த இடம் யூகேட்டை அதிகம் பார்க்கிறது, எது பதினாறு வயதில் எழுதிய ஜிசிஎஸ்இ கிரேடுகளைப் பார்க்கிறது என்று அவளே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். எல்லாரும் கேட்பது ஏஏஏ, மூன்று பாடத்திலும் ஏ. அந்தக் கெமிஸ்ட்ரி.

செப்டம்பர் 28, ஞாயிறு

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதும் பெர்சனல் ஸ்டேட்மெண்ட்டைக் காட்டவே மாட்டேன் என்று இத்தனை நாள் இருந்தவள் இன்று ராத்திரி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். இந்த வருஷத்திலிருந்து அது ஒரே கட்டுரை இல்லை, மூன்று கேள்விகள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளிகளோடு 4000 எழுத்து, ஒவ்வொன்றும் குறைந்தது 350.

படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் என் பெண் அதில் எங்குமே இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்ததைப் பற்றி "தொடர்புத்திறனும் குழுவாகச் செயல்படும் திறனும் வளர்ந்தன" என்று ஒரு வரி. சனிக்கிழமைதோறும் அங்கே போய்வந்து இவள் எங்களிடம் சொன்ன கதைகள் எத்தனை! இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல், "அந்தத் தாத்தா தினமும் தன் மனைவி எங்கேன்னு கேப்பாரே, நீ என்ன சொல்லுவ?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். முதல் நாள் உண்மையைச் சொல்லிவிட்டாளாம், அவங்க இறந்துட்டாங்கன்னு. அவர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டதுபோல அழுதாராம். அடுத்த வாரமும் அதே கேள்வி. அங்கே இருக்கும் நர்ஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, "அவங்களைப் பத்திச் சொல்லுங்க, எப்படி இருப்பாங்க?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தாளாம். அவர் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பாராம்.

"இதையெல்லாமா எழுதுறது?" என்றாள். "இதைத்தான்" என்றேன். இப்போது மணி ஒன்றேகால், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். 4000க்கு மேல் போய்விட்டது என்று குரல் கொடுத்தாள். போகட்டும், குறைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 3

மறுதேர்வு வைத்தார்கள். கெமிஸ்ட்ரி ஏ. இவர் இரவு வேலையிலிருந்து போன் செய்து மறுபடியும் மறுபடியும் கேட்டார்.

அக்டோபர் 14

பள்ளி இன்னும் தன் பரிந்துரையை, ரெஃபரன்ஸை, விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பவில்லை. நாளை மாலை ஆறு மணியோடு மெடிசினுக்குக் கதவு சாத்திவிடுவார்கள். "போன் பண்ணட்டுமா?" "வேண்டாம்மா." "ஒரு மெயிலாவது?" "வேண்டாம்மா."

அக்டோபர் 15

2.20க்கு விண்ணப்பம் போய்விட்டது.

அக்டோபர் 26

கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளியாயிற்று. இனி பள்ளி விட்டு வந்ததும் இருட்டு. இருட்டில் ஓட்டிப் பழகுவதும் வேண்டும்தான். மழையில் எதிர் விளக்குகள் கண்ணைக் கூச, பெரிய ரவுண்ட்அபவுட்டில் எந்த லேன் என்று கடைசி நிமிஷத்தில் யோசிக்கிறாள். போர்டைப் பார்க்கும்போதே முடிவெடுக்க வேண்டும். இன்று மூச்சை அடக்கவில்லை, ஆனால் ஸ்டியரிங்கை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தாள்.

நவம்பர் 12

இளையவனுக்கு 17. கற்றுக்கொள்பவர்கள் வண்டியில் மாட்டும் எல் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். டெஸ்ட்டில் முதல் வேலையே 20 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார்கள் என்று தெருவில் நிற்கவைத்துக் கேட்டேன். எட்டை மூன்று என்றான், பி என்றான். இத்தனை நாள் வகுப்பில் போர்டை எப்படிப் படித்தானோ! நாளை கண் டாக்டர்.

நவம்பர் 27

பயோமெடிக்கலுக்கு ஆஃபர் வந்துவிட்டது, கண்டிஷனல், ஏபிபி வாங்கினால் இடம். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அவள், "அது அஞ்சாவதும்மா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

டிசம்பர் 10

ஆன்லைன் இண்டர்வியூ. திரையில் ஒவ்வொரு அறையிலும் ஒருவர், ஒரு கேள்வி, சில நிமிஷம், அடுத்த அறை. பக்கத்து அறையில் நானும் இவரும் கெட்டிலைக்கூடப் போடாமல் இருந்தோம். வெளியே வந்ததும், "ஒண்ணுல உளறிட்டேன்" என்றாள். எதில் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 21

இளையவன் யூனிவர்சிட்டிக்குப் போகப்போவதில்லையாம். டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்தான் செய்வானாம். வேலையும் சம்பளமும் உண்டு, ஃபீஸ் கிடையாது, முடிவில் டிகிரியும் கிடைக்கும், கம்பெனிகளுக்கு நேரடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றெல்லாம் ஒப்பித்தான். இவருக்கு முகம் சிறுத்துவிட்டது. "அக்காவைப் பாரு" என்றார். அந்த வார்த்தை வேண்டாமென்று எனக்குத் தோன்றியது, பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவன் சொல்வது எளிதான வழி இல்லை. நல்ல இடங்களுக்குப் போட்டி கடுமை, 18 வயதில் முழுநேர வேலையும் படிப்பும் சேர்ந்து நெரிக்கும். ஆனாலும் இவன் தானே தேடிப் படித்து வந்து பேசியிருக்கிறான். அதற்கு ஒரு மதிப்பு உண்டு. இவர் இன்னும் பேசவில்லை.

ஜனவரி 8, 2026

பள்ளியில் மாக் தேர்வுகள், மாதிரித் தேர்வுகள். கெமிஸ்ட்ரி பேப்பர் இரண்டு சுமார் என்கிறாள். சுமார் என்றால் என்ன?

ஜனவரி 17

இளையவன் டிரைவிங் தியரி தேர்வில் ஃபெயிலாகிவிட்டான். கேள்விகளில் 50க்கு 46 (43 போதும்), வீடியோவில் ஆபத்தைக் கண்டதும் கிளிக் செய்யும் ஹசார்ட் பெர்செப்ஷனில் 75க்கு 41, வேண்டியது 44. 14 வீடியோக்களில் ஒன்றில் பயத்தில் விடாமல் கிளிக் செய்திருக்கிறான். அப்படிச் செய்தால் அந்த வீடியோவுக்கே பூஜ்யம். ஆபத்து உருவாக ஆரம்பிக்கும் அந்த நொடியைப் பார்க்கிறார்கள், விரல் வேகத்தை அல்ல. அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பிவரும்போது இருவரும் பேசிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

எழுதாமல் தூங்க முடியாது.

நாலரை மணி, இருட்டிவிட்டது. அவள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில். பெரிய ரவுண்ட்அபவுட்டை நெருங்கும்போது என் மடியில் இருந்த அவள் பையில் போன் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தை அவள் தனியாக வைத்திருக்கிறாள், யூனிவர்சிட்டி விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அனுப்பும் மெயிலுக்கு மட்டும். உன் விண்ணப்பத்தில் ஒரு மாற்றம் என்று மட்டும்தான் அந்த மெயில் சொல்லும். என்ன மாற்றம் என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

"அம்மா, எடுக்காத."

எடுக்கவும் முடியாது. எல் போர்டு வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்பவரும் போனைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஓட்டுபவருக்கு என்னவோ அதுதான் எனக்கும். "வலதுபக்கம் யார் வர்றாங்க?" என்று கேட்டேன். "வெள்ளை வேன். அதுக்கப்புறம் போறேன்." போனாள். சரியான லேன். கண்ணாடி, சிக்னல், இரண்டாவது எக்ஸிட். அடுத்த சிவப்பு விளக்கு விழுந்தால் தேவலை என்று நினைத்தேன். விழுந்தாலும் பார்க்கக் கூடாதுதான். எல்லாமே பச்சையாக இருந்தது.

ஒரு குடியிருப்புத் தெருவில் ஓரம் கட்டினாள். ஹேண்ட்பிரேக், நியூட்ரல், என்ஜினை அணைத்தாள். இவ்வளவையும் ஒன்றுவிடாமல் செய்துவிட்டுத்தான் கையை நீட்டினாள்.

அன்சக்ஸஸ்ஃபுல். இண்டர்வியூகூட இல்லை. வடக்கே இருக்கிறதே, அவளுக்கு மிகவும் பிடித்த இடம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது. அந்தத் தாத்தாவைச் சாப்பிடவைத்த பெண் இவள் என்று அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "நான் ஓட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, கிளம்பினாள். வீடுவரை அவளே ஓட்டினாள்.

ஜனவரி 24

பதினொரு மணிவரை தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6

இன்னொரு இடத்திலிருந்து மெடிசின் இண்டர்வியூ அழைப்பு, நேரில் வர வேண்டும். தேதி: பிப்ரவரி 19, காலை 11.

டெஸ்ட்டை மாற்றினால் 62 பவுண்ட் போகும், முழுதாகப் பத்து வேலைநாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அது தாண்டிவிட்டது. பணம் போகட்டும். அடுத்த தேதி ஜூலையோ என்னவோ. பரீட்சை, ரிசல்ட், அப்புறம் செப்டம்பரில் எங்கேயோ போய்விடுவாள். இண்டர்வியூவா டெஸ்ட்டா என்ற கேள்வியே இல்லை, தெரியும். ஆனாலும் ராத்திரி முழுக்க அந்த 10.14 கண்முன் நிற்கிறது.

பிப்ரவரி 9

அவளே அந்த யூனிவர்சிட்டிக்குப் போன் செய்திருக்கிறாள், பள்ளி இடைவேளையில். என்னிடம் கேட்கவும் இல்லை. இண்டர்வியூவை 18ஆம் தேதி மதியத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்!

பிப்ரவரி 18

மோட்டார்வேயில் கற்றுக்கொள்பவர்கள் டூயல் கண்ட்ரோல் வண்டியில் பயிற்றுநரோடு மட்டும்தான் போகலாம், அதனால் போகவர நான்தான் ஓட்டினேன். போகும்போது கேள்விகளைப் பயிற்சி செய்தோம். திரும்பும்போது, "நல்லா பேசினேன்னு நினைக்கிறேன்" என்று அவளாகச் சொன்னாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து எவ்வளவு நாளாயிற்று.

பிப்ரவரி 19

பாஸ். சின்னத் தவறுகள், மைனர், 9. சீரியஸ் எதுவும் இல்லை. 15வரை விடுவார்கள். பின்சீட்டில் நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள், 40 நிமிஷம் வெளியே நடந்துகொண்டே இருந்தேன். ஒன்பதில் மூன்று, திரும்பும் இடத்தில் தேவைக்கு மேல் காத்திருந்ததற்காக. "அது பரவாயில்லம்மா" என்றாள். எனக்கும் பரவாயில்லை.

பாஸானதும் லேர்னர் இன்சூரன்ஸ் செல்லாது. புதியது வரும்வரை என் காரைத் தொடக்கூடாது.

பிப்ரவரி 22

தனியாகப் போய்வந்தாள். முதல் இரண்டு வருஷத்தில் விதிமீறலுக்காக ஆறு பாயிண்ட் வந்தால் லைசென்ஸே போய்விடும் என்று வாசலில் நின்று சொன்னேன். "தெரியும்மா." நடுவில் போன். உயிரே போய்விட்டது. பெட்ரோல் மூடியை எப்படித் திறப்பது என்று கேட்கிறாள்.

மார்ச் 11, புதன்

மெயில் வந்திருக்கிறது. மீதி மூன்றில் எது என்று தெரியாது. பள்ளியிலிருந்து மெசேஜ் அனுப்பினாள்: "வீட்டுக்கு வந்துதான் பார்ப்பேன், அப்பாகிட்ட சொல்லாத." இவர் தூங்கி எழுந்து, என்ன விஷயம், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்றரைக்குப் பள்ளி விடும். இளையவனுக்கு நாலரைக்குத் தியரி, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதை எடுத்துக்கொண்டு நான் மூன்றே காலுக்கே கிளம்ப வேண்டும்.