இரண்டு தடைக்காலங்களுக்கு நடுவே

பழைய மாணவர் சங்க மலருக்குப் பள்ளியில் வாங்கிய பரிசுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எதுவும் வாங்கவில்லை. ஆகவே எங்கள் ராக் இசைக்குழுவைப் பற்றி எழுதுகிறேன்.

2002 மே கடைசியில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. 45 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் கடலுக்குப் போனதும், காசிமேட்டில் நண்பன் வீட்டு வலை அறை காலியானது. பிளஸ் டூ முடித்திருந்த நாங்கள் நால்வரும் அதில் குடிபுகுந்தோம். பக்கத்தில் ஐஸ் உடைக்கும் இயந்திரம். அதன் இரைச்சலில் எங்கள் பாட்டு அக்கம்பக்கத்தில் எவருக்கும் கேட்காது. எங்களுக்கே சரியாகக் கேட்காது, அதுவும் நல்லதற்குத்தான். மீன் வாடை மூன்று நாளில் பழகிவிட்டது. உப்புக்காற்றுதான் கடைசிவரை பகை. பத்தே நாளில் கித்தார் தந்திகள் துருவேறிவிடும்.

அந்தக் கித்தார், ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவிடமிருந்து பெரம்பூர்க்காரனுக்கு வந்த சொத்து. அவன் வாசித்ததெல்லாம் பவர் கார்டு என்ற சுரக்கூட்டு: ஒரு சுரம், அதன் பஞ்சமம், அவ்வளவுதான். மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் காந்தாரம் அதில் கிடையாது. நம் பாட்டு வாத்தியாரிடம் வாசித்துக் காட்டினோம். காதைப் பொத்திக்கொள்வார் என்று பார்த்தால், "தம்புராவில் இருப்பதும் இதுதானேடா, இது ஏன் இப்படிக் கத்துகிறது?" என்றார். கல்மண்டபத்துக்காரன் கீபோர்டு. நான் பாடினேன், அல்லது பாடுவதாக நம்பினேன். குழுவுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை.

2003 பொங்கலுக்கு ராயபுரத்தில் ஒரு தெருவிழா. இரண்டாவது பாட்டிலேயே கூட்டம் கலையத் தொடங்கியது. கானா பாடச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. டிரம்ஸ் வாசித்த காசிமேட்டுக்காரன் எங்களைக் கேட்காமலே தாளத்தை மாற்றினான். சாவு வீடுகளில் டோலக்கோடு விடிய விடியக் கேட்டு வளர்ந்த நடை அது. கித்தார் அதே இரண்டு சுரத்தில் நின்று உறும, பத்து நிமிடம் தெருவே ஆடியது. மேடையிலிருந்து இறங்கியதும் அவனைச் சூழ்ந்து நின்று திட்டினோம். ராக் இசையைக் கெடுத்துவிட்டானாம்! அதிகம் திட்டியது நான்.

ஏப்ரல் 15-ஆம் தேதி அடுத்த தடைக்காலம். வலைகள் உள்ளே வந்தன, டிரம்ஸ் வாசலுக்குப் போனது. ஆகஸ்டில் நான் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். நால்வரும் காசு போட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபயரை விற்றுத்தான் டிக்கெட் பணத்தில் பாதியைத் தேற்றினேன்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் சாதிக்கு எதிராகப் பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. கானா, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். காணொளியைச் சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் இரவு முழுக்கப் பார்த்தேன். அவர்களுடைய தெளிவும் கோபமும் எங்களிடம் இருந்ததில்லை. ஆனால் அந்தத் தாளம் பத்து நிமிடம் எங்களிடமும் இருந்தது. காசிமேட்டுக்காரனுக்குக் காணொளியை அனுப்பி, அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அது கிடக்கட்டும். ஆம்ப்ளிஃபயரில் என் பங்கு எங்கே?" என்று பதில் வந்தது.