முறைப்பாட்டோடு வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளே, மகாபொல உதவித்தொகை வரவில்லை, பெறுபேறு பிழை, விடுதியில் இடமில்லை, எதுவானாலும் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. கோபமும் நியாயமானதுதான், வீட்டில் கடன்பட்டுப் படிக்க அனுப்பியிருக்கும்போது யாருக்குத்தான் பொறுமை இருக்கும்.

ஆனால் உங்களுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுத உதவ உட்கார்ந்திருக்கிற அக்காவை ஏன் ஏசுகிறீர்கள்? புள்ளியைக் குறைத்தது அவரில்லை, முடிவெடுப்பதும் அவரில்லை. நடுச்சாமத்தில் விடாமல் அழைப்பது, தூஷணத்தில் குரல்பதிவு அனுப்புவது, அவரின் படத்தை எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவது, இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், குரல் உயர்ந்தாலும் பரவாயில்லை, மிரட்டாதீர்கள்.

விரிவுரையாளரைப் பற்றி எழுதினாலும் நடந்ததைத் திகதியோடு எழுதுங்கள். ஏச்சு கலந்தால் வாசிக்கிறவர் ஏச்சைத்தான் பிடித்துக்கொள்வார், உங்கள் விஷயம் அடிபட்டுப் போகும்.

அப்புறம், பகிடிவதை (ராகிங்) இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதைப் பற்றி முறைப்பாடு செய்ய வருகிற பிள்ளை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் தடுமாறினால் அதை மரியாதைக்குறைவாக எடுக்கக்கூடாது என்று உதவுகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளே, உங்களை யாராவது எரிந்து விழுந்து அனுப்பினால் அதையும் எழுதிக் கொடுங்கள்.