அம்மா கையில் கொடுக்க 84 படங்கள்

அம்மாவுக்குப் போன மார்கழியில் இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவள் முதலில் கேட்டது போட்டோதான். "எடுத்துக் காட்டுட்டி, இப்ப தெளிவா பாத்துருவேன்." போனைக் கையில் கொடுத்தேன். விரல் பட்டால் படம் ஓடிவிடுகிறது, படாமல் இருந்தால் திரை அணைந்துவிடுகிறது. பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "உங்கப்பா ஆல்பம் மாதிரி கையில தர முடியாதா?"

அப்பாவின் ஆல்பங்கள் இன்னும் பாளையங்கோட்டை வீட்டு பீரோவில் இருக்கின்றன. கறுப்பு அட்டை, நடுவில் பட்டர் பேப்பர், ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நீல மையில் தேதியும் ஊரும். கடைசிப் படம் 2009-ல் ஒட்டியது. அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் நடந்த எல்லாமே கூகுள் போட்டோஸில்தான் கிடக்கிறது. என் கணக்கில் மட்டும் 19,000-க்கு மேல்.

அதில் பிரிண்ட் போட வேண்டியதைப் பொறுக்க நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். முகத்தைத் தொட்டால் அந்த ஆளின் படங்களையெல்லாம் சேர்த்துக் காட்டும் வசதி இல்லாவிட்டால் முடிந்திருக்காது. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அம்மாவுக்குத் தெரிந்த முகம் இல்லாத படம் வேண்டாம். மலையும் கடலும் போயின, சாப்பாட்டுத் தட்டு போயிற்று, ஒரே சிரிப்பை ஏழு தடவை எடுத்ததில் ஆறு போயிற்று. 84 மிஞ்சியது.

அதில் ஒன்றைப் பெரிதாகப் போட ஆசை. 2018-ல் தம்பி வீட்டுப் பால்காய்ப்பில் எல்லோரும் படியில் நின்று எடுத்தது. அப்பா கடைசியாக எங்கள் எல்லோரோடும் நிற்கும் படம். அதை 8×12 அளவில் போடச் சொல்லி, என் போனில் இருந்ததை ஜங்ஷன் பக்கம் ஒரு கலர் லேபில் கொடுத்தேன். வந்த பிரிண்ட்டில் அப்பாவின் கண் இருக்கும் இடத்தில் இரண்டு மங்கல் புள்ளிகள். லேபில் இருந்த பையன்தான் சொன்னான்: "அக்கா, இது வாட்ஸ்அப்ல வந்த காப்பி. ஒரிஜினல் யார்ட்ட இருக்கு?"

ஃபைல் பெயரைக் காட்டினான். நடுவில் 'டபிள்யூஏ' என்று இருந்தது. வாட்ஸ்அப் வழியாக வந்து ஆண்ட்ராய்டு போனில் சேரும் படத்துக்கு அந்த அடையாளம் இருக்கும். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நீளவாக்கில் 1600 பிக்சல்தான், அதாவது 1600 புள்ளிதான் இருந்தது. 12 அங்குலத்துக்கு அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு 133 புள்ளி. நல்ல பிரிண்ட்டுக்கு 300 வேண்டும் என்பார்கள். தம்பியின் ஐபோனில் எடுத்த அசல் 4032 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 336. இத்தனை வருஷமும் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்று நான் நம்பியிருந்தது காப்பிதான். நாம் எதை ஏற்றினோமோ அதைத்தான் அது காக்கும். அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

தம்பி தோஹாவில் இருக்கிறான். முதலில் பகிர்வு ஆல்பமாக அனுப்பினான். அதிலும் நீளவாக்கில் 2048 பிக்சலுக்குச் சுருங்கித்தான் வந்தது. அவன் போனிலும் இடத்தை மிச்சம் பிடிக்கும் செட்டிங் போட்டிருந்ததால் போனில் இருந்தது சின்னப் படம், முழுப் படம் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில். கடைசியில் கம்ப்யூட்டரில் ஐகிளவுடைத் திறந்து அசலை இறக்கி கூகுள் டிரைவில் போட்டான். அது ஐபோன் படம் சேமிக்கும் ஹெச்இஐசி வகை ஃபைல், லேப் மெஷின் திறக்கவில்லை. மறுபடி எல்லா மெஷினும் திறக்கும் ஜேபெக் வகையாக மாற்றி அனுப்பினான். சரி, வந்து சேர்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அப்பா சட்டைப்பையில் இருக்கும் பேனா மூடி தெரிந்தது.

மீதி 83-ம் மேக்ஸி சைஸ், 4×6. இதில் ஒரு விஷயத்தை லேபுக்குப் போகும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஃபிலிமின் சட்டம் 24×36 மில்லிமீட்டர். அதனால் 4×6 தாளில் அப்படியே உட்கார்ந்தது. போன் படம் நான்குக்கு மூன்று. தாளை நிரப்ப மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கை வெட்டியாக வேண்டும். கும்பலாக நிற்கும் படத்தில் அது பின்வரிசைத் தலைகளைக் கொண்டுபோய்விடும். என் அத்தை தலை அப்படித்தான் ஒரு படத்தில் போனது. அதனால் எதை எங்கே வெட்டுவது என்று வீட்டிலேயே நான் வெட்டிக்கொண்டு போனேன். வெட்டவே இடமில்லாத ஒன்பது படங்களுக்கு ஓரத்தில் வெள்ளை விட்டுப் போடச் சொன்னேன்.

அப்புறம் நிறம். திரை தானே ஒளி விடுகிறது, தாளுக்கு அது கிடையாது. போனில் பளிச்சென்று இருப்பது தாளில் ஒரு மாற்று இருட்டாக வரும். ஐந்து படம் சோதனைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஆனால் முகத்தை வெளுப்பாக்கும் 'கரெக்ஷன்' வேண்டவே வேண்டாம் என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன். சோதனைப் பிரிண்ட்டில் அம்மாவை ரோஜாப்பூ நிறத்தில் ஆக்கியிருந்தார்கள். எங்கள் அம்மா கறுப்பு. அந்தக் கறுப்போடு அவள் சிரிப்பதுதான் எனக்கு வேண்டும். மேட் தாள்தான் வாங்கினேன்; பளபளப்புத் தாளில் டியூப்லைட் விழுந்து அவள் கண்ணைக் கூசும்.

பின்னால் எழுத உட்கார்ந்தபோது ஜெல் பேனா மை வழிந்தது. இந்தத் தாளின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு, மை உறிஞ்சாது. மெல்லிய பெர்மனென்ட் மார்க்கரில் எழுதி, காயவிட்டு, பிறகுதான் அடுக்கினேன். ஈரத்தோடு அடுக்கினால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். தேதி, ஊர், யார் யார். அப்பா எழுதிய வரிசையிலேயே.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. மற்ற 83-ஐயும் இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை கட்டிலில் பரப்பி, சிலதைத் தனியே எடுத்து வைத்தாள். எதற்கு என்றேன்.

"இது எதுத்த வீட்டு ஆச்சிக்கு. இது உங்க அத்தைக்கு, அவ தல நல்லா விழுந்திருக்கு. இதுல ரெண்டு, உந்தம்பி பிள்ளைகளுக்கு. நான் குடுத்துருவேன், எனக்கு வேற போட்டுக் கொண்டா."

மொத்தம் பதினொன்று. நாளைக்கு லேபுக்குப் போகிறேன்.