எங்கே வேண்டுமானாலும் சேவ்

"எங்க வேணா சேவ் பண்ணலாம்னா, பயம் எங்கேர்ந்துண்ணே வரும்?"

நாங்கள் உருவாக்கும் வீடியோ கேமில், ஆட்டம் எட்டிய இடத்தை நினைத்தபோதெல்லாம் சேவ் செய்ய விடக் கூடாது என்பது டிசைனர் தம்பி ஒருவனின் யோசனை. டிசைன் மீட்டிங்கில் அவன் கேட்டது இவ்வளவுதான். "வேலைக்குப் போய்ட்டு வர்றவன் ராத்திரி அரை மணி நேரம்தான்டா விளையாடுவான். அவனைத் தண்டிக்கக் கூடாது" என்றேன். டெஸ்டிங் பொறுப்பு என்னுடையது. பேச்சு அதோடு நின்றது. "சரிண்ணே" என்று லேப்டாப்பை மூடினான். எனக்குள் மட்டும் அந்தப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவன் சான்றாகக் காட்டியது 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட கேம். 1403-இல், இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் நடக்கும் கதை. ஹங்கேரி மன்னன் சிகிஸ்முண்டின் படை ஸ்காலிட்ஸ் ஊரைச் சூறையாட, பெற்றோரைப் பறிகொடுத்து ஓடுகிறான் கொல்லன் மகன் ஹென்றி. மந்திரம் கிடையாது, டிராகன் கிடையாது. அவனுக்கு வாள் வீசவும் வராது, எழுதப் படிக்கவும் வராது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். உஷிட்ஸ் ஊர் எழுத்தரிடம் பாடம் கேட்ட பிறகுதான் அவை மெல்ல மெல்லச் சொற்களாகத் திரளும். படிப்பறிவு இல்லாதவனின் திகைப்பை எனக்கு இவ்வளவு நேராகக் காட்டிய கேம் வேறில்லை.

நினைத்த இடத்தில் சேவ் செய்ய 'சேவியர் ஷ்நாப்ஸ்' என்ற மதுவைக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கை கிடைக்கும்வரை காத்திருந்து தூங்க வேண்டும். காட்டுப்பாதையில் மூன்று கொள்ளையர் மறித்தால், வாளை உருவுவதா குதிரையைத் திருப்புவதா என்று உண்மையாகவே யோசிப்போம். தம்பி சொன்ன பயம் இதுதான். அது தெரிந்துதான் மறுத்தேன்.

ஏனென்றால் டெஸ்டிங்கில் இருப்பவன் கண்ணுக்கு முதலில் படுவது வேறு. அந்த கேம் வெளியானபோது பக், அதாவது நிரல் பிழை, மலிந்திருந்தது. கதையில் ஹென்றிக்குக் கொடுக்கும் பணி, அதாவது க்வெஸ்ட், பாதியில் உறைந்து நிற்கும். கடைசி சேவோ எங்கோ பின்னால் கிடக்கும். ஆட்டக்காரன் தோற்றது கொள்ளையனிடம் என்றால் பொறுத்துக்கொள்வான். நம் கோடிங்கிடம் தோற்றால்? சேவ் செய்துவிட்டு வெளியேறும் வசதியைப் பின்னால் வந்த ஒரு பேட்சில், அதாவது திருத்தத்தில்தான் கொடுத்தார்கள். கன்ட்ரோலரில் பூட்டைத் திறப்பது அவ்வளவு வதையாக இருந்ததால் அதையும் எளிதாக்கினார்கள். பலரோடு ஒரே சமயத்தில் மோதும்போது பார்வை ஒருவன்மேல் ஒட்டிக்கொள்ளும் தொல்லை வேறு. இத்தனை ஓட்டைகளோடு கடுமையான விதியையும் வைப்பது ஆட்டக்காரனுக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் அன்று பட்டது, இன்றும் படுகிறது. எங்கள் கேமின் அப்போதைய பதிப்பு, அதாவது பில்ட், இருந்த நிலையை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் இல்லை.

ஆனால் இந்த வாதம் பக்குகளுக்குத்தான் பொருந்துகிறது, தம்பியின் யோசனைக்கு அல்ல. பில்ட் சுத்தமாக இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா? அரை மணி நேரம் விளையாடுகிறவனைத்தானே முதலில் இழுத்தேன், பக்கை இல்லையே. அவனுக்கோ சேவ் செய்து வெளியேறும் வசதி ஒன்றே போதும். தம்பியின் விதியும் தப்பியிருக்கும்.

2025 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் வந்தது. ஒரே நாளில் 10 லட்சம் பிரதி விற்றது. சேவியர் ஷ்நாப்ஸ் அதிலும் இருக்கிறது. விற்பனையை வைத்து விதி சரி என்று சொல்லிவிட முடியாது. மனிதர்களும் நிலமும் கதையும் இழுத்த கூட்டம் அது. இருந்தாலும் முதல் பாகத்தில் அவ்வளவு வசவு வாங்கியும் அவர்கள் அதைக் கைவிடவில்லை. அடுத்த புராஜெக்டின் வரைவில் தம்பி அதே விதியை மறுபடி எழுதியிருக்கிறான், இந்த முறை வெளியேறும்போது சேவ் ஆகும் வசதியோடு. டெஸ்டிங் தரப்புக் கருத்து என்ற கட்டத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.